பாட்டு இல்லாத ஆராதனை எங்கே கிடைக்கும்? (விவாத இழை)

பாளையங்கோட்டைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாடுதல் இடம்பெறாத கிறிஸ்தவ ஆராதனை எங்கே நடக்கிறது, எந்தச் சபை மரபு அதை முறையான ஆராதனையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவன். ஊரில் இருந்த காலம் முழுவதும் பாடகர் குழுவில் பேஸ் குரல் பாடினேன். ஆகையால் பாட்டின் மேல் வெறுப்புக் கொண்டு இதைக் கேட்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நோய் ஒன்றினால் இரண்டு காதுகளும் செயலிழந்துவிட்டன; இப்போது ஒரு காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்செவிக்குள் மின்முனைகளை வைத்துக் கேட்க உதவும் கருவி) பொருத்தியிருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. வேதபாடம் வாசிக்கப்படுவதும், ஐயர் (எங்கள் சபைப் போதகர்) ஜெபிப்பதும், பிரசங்கமும் ஓரளவுக்குப் பிடிபடுகின்றன. ஆனால் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து சபையார் பாடத் தொடங்கியதும், எனக்கு மனப்பாடமான ராகம்கூட ராகமாகக் கேட்பதில்லை. தகரக் கூரையின் மேல் ஜல்லியைக் கொட்டியது போன்ற இரைச்சல்தான் வருகிறது. கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியாமல், எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கு நாங்கள் போகும் சபையில் ஞாயிறு ஆராதனையின் முற்பகுதி முழுவதும் பாட்டாகவே செல்கிறது. வீட்டிலேயே வேதம் வாசித்து ஜெபிக்கலாமே என்று சிலர் அன்போடு சொன்னார்கள். அதை நான் நாள்தோறும் செய்கிறேன். மற்ற விசுவாசிகளோடு கூடி அமர்ந்து தேவனை ஆராதிப்பதையும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கு பெறுவதையும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

வடஇங்கிலாந்துத் தமிழன்

ஐயா, உங்கள் கேள்விக்கு நேரடியான விடை ஒன்று உண்டு. குவேக்கர்கள் என்று அழைக்கப்படும் நண்பர்கள் சபையார் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜார்ஜ் பாக்ஸ் என்பவரின் காலத்திலிருந்தே, அமைதியில் காத்திருப்பதையே ஆராதனையாகக் கொண்டவர்கள். நான் இங்கே சில ஆண்டுகளாக அவர்களோடு அமர்ந்து வருகிறேன். ஆகவே கேள்விப்பட்டதை அன்றி, பார்த்ததைச் சொல்கிறேன்.

கூடம் சாதாரணமானது. பீடமோ பிரசங்க மேடையோ இல்லை. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி வட்டமாகவோ சதுரமாகவோ போடப்பட்டிருக்கும்; நடுவில் ஒரு சிறிய மேசை, அதன் மேல் வேதாகமமும், நண்பர்கள் சபையின் அறிவுரைகளும் கேள்விகளும் அடங்கிய சிறு நூலும், ஒரு பூச்சாடியும் இருக்கும். முதலில் வந்து அமர்பவரோடு ஆராதனை தொடங்கிவிடுகிறது. இப்போது ஆரம்பிக்கிறோம் என்று யாரும் அறிவிப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் என்று உள்ளத்தில் ஏவுதல் உண்டானால், எழுந்து நின்று சில வாக்கியங்கள் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு யாரும் மறுமொழி சொல்வதில்லை. அடுத்தவர் பேசுவதற்கு முன்பு, சொல்லப்பட்டது மனத்தில் தங்குவதற்குப் போதிய இடைவெளி விடப்படும். ஒருவர்கூடப் பேசாமல் முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. இறுதியில் மூப்பர் இருவர் கைகுலுக்குவார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்க, ஆராதனை முடிந்துவிடும். உங்களுக்கு இது கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய முடிவு.

2020-க்குப் பிறகு இணையவழிக் கூடுகைகளும் பெருகியிருக்கின்றன. சென்னையிலிருந்து நீங்கள் சேர்ந்துகொள்ள முடியும். பேசுகிறவரின் முகம் திரையில் தெரிவதால் உதட்டசைவைப் படிப்பதும் எளிது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். குவேக்கர் என்ற பெயரைப் பார்த்ததும் அமைதிக் கூடுகை என்று முடிவு செய்துவிடக் கூடாது. உலகில் குவேக்கர்கள் மிகுதியாக வாழும் நாடு கென்யா. அங்கே போதகர், பிரசங்கம், உற்சாகமான பாட்டு எல்லாமே உண்டு. அமெரிக்காவிலும் அத்தகைய சபைகள் பல இருக்கின்றன. முன்திட்டம் இல்லாத கூடுகையா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேதமாணவன்

சகோதரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் பாட வேண்டும் என்று எபேசியர் 5:19-லும் கொலோசெயர் 3:16-லும் பவுல் எழுதுகிறார். கடைசி இராப்போஜனத்திற்குப் பின் நம் கர்த்தரும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனதாக மத்தேயு 26:30 சொல்கிறது. உடல்நிலை காரணமாக ஒருவர் பாட முடியாமல் இருப்பது வேறு. பாட்டே இல்லாத ஆராதனையை ஒரு முறையாக ஏற்படுத்திக்கொள்வது வேறு. இரண்டாவதை வேதம் ஆதரிக்கிறதா என்பதே என் கேள்வி.

ஓய்வுபெற்ற குருவானவர்

வேதமாணவன் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. சபை வரலாற்றில் மெய்யாகவே கேட்கப்பட்ட கேள்வியும்கூட. சூரிக் நகரத்தில் சீர்திருத்தத்தை நடத்திய உல்ரிக் சுவிங்கிளி பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்தவர், இசையில் தேர்ந்தவர். அவரே தம் நகரத்துப் பொது ஆராதனையிலிருந்து பாட்டை முழுவதுமாக நீக்கினார். அங்குள்ள பெரிய ஆலயத்தின் ஆர்கன் 1527-இல் அகற்றப்பட்டது. 1598 வரையில் சூரிக் ஆலயங்களில் சபையார் பாடவில்லை. இரண்டு தலைமுறைக்கும் மேலாக அங்கே மக்கள் வேதவாசிப்பு, பிரசங்கம், ஜெபம், திருவிருந்து ஆகியவற்றோடு மட்டுமே ஆராதித்தார்கள். வேதமாணவன் எடுத்துக்காட்டிய கொலோசெயர் வசனத்தையேதான் சுவிங்கிளியும் எடுத்துக்காட்டினார்: இருதயத்திலே பாடும்படி அப்போஸ்தலர் சொல்கிறார் என்பது அவருடைய வாதம். அந்த வியாக்கியானத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் சீர்திருத்தச் சபைகளின் தொடக்கத்திலேயே நின்ற ஒருவர் அப்படி வாசித்தார் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

இங்கிலாந்தில் பாப்திஸ்து சபையாரிடையே இதே சண்டை வேறு விதமாக நடந்தது. தொடக்ககால பாப்திஸ்துகளில் பலர், எழுதி வைத்த பாட்டைச் சபையாகப் பாடுவதை மனித ஏற்பாடு என்று கருதினார்கள். லண்டனில் சவுத்வார்க் பகுதியில் ஊழியம் செய்த பெஞ்சமின் கீச் 1673 வாக்கில் திருவிருந்தின் முடிவில் ஒரு பாட்டைச் சேர்த்தபோது, உடன்படாதவர்கள் அதற்கு முன்பே எழுந்து போகலாம் என்று இடம் கொடுத்தார். பின்பு பாட்டு ஒவ்வொரு ஞாயிறும் வந்தபோது, 1690-களில் ஒரு பிரிவினர் விலகிப் பாடாத சபை ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். கீச் முதலில் செய்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். பாட்டை முடிவில் வைத்ததால், பாடாதவர்களும் திருவிருந்தை இழக்கவில்லை.

நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு மிகவும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில், காலை மாலை ஜெபங்களின் பகுதிகள் பலவற்றில், சொல்லப்படலாம் அல்லது பாடப்படலாம் என்றே குறிப்பு எழுதியிருக்கிறது. மூன்றாம் மன்றாட்டுக்குப் பின், பாடகர் குழு உள்ள இடங்களிலும் பாடுகிற இடங்களிலும் இங்கே கீதம் வரும் என்ற குறிப்பு உண்டு. பாடாத இடங்களும் இருக்கின்றன, அங்கே நடப்பதும் முழுமையான ஆராதனையே என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. இன்றும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்கள் பலவற்றில் ஞாயிறு காலை 8 மணித் திருவிருந்து ஒரு பாட்டும் இல்லாமல், வாசிப்பும் ஜெபமுமாகவே நடக்கிறது.

பழைய ஏற்பாட்டில், சீலோவில் அன்னாள் ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் அசைந்தன, சத்தமோ கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று தவறாக எடைபோட்டான். கர்த்தர் அவளுடைய விண்ணப்பத்தைக் கேட்டார். பாடாமல் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கும்போது சபையார் ஏலியின் இடத்தில் நின்றுவிடக் கூடாது என்பது என் மன்றாட்டு.

பாளையங்கோட்டைக்காரருக்கு என் ஆலோசனை: சபையை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மரபுகளில் பாட்டு ஞாயிறு காலையின் முக்கிய ஆராதனையில் குவிந்திருக்கிறது. அதே ஆலயத்தின் அதிகாலைத் திருவிருந்திலும், வார நாள் ஜெபத்திலும், ஆள் குறைவான ஆங்கில ஆராதனையிலும் அது குறைந்து, சில இடங்களில் அறவே இல்லாமல் போகிறது. அறிவிப்புப் பலகையில் இந்த விவரம் இருக்காது. ஆலய அலுவலகத்திலோ ஆலயப் பணியாளரிடமோ கேட்டால்தான் தெரியும்.

பரங்கிமலைப் பங்குக்காரர்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. குருவானவர் ஐயா சொன்ன நேரக் கணக்கு கத்தோலிக்க ஆலயங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். கத்தோலிக்க வழிபாட்டு முறையைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்பு பாட்டுப் பூசை என்பது தனி. அன்றாடம் காலையில் குருவானவர் லத்தீனில் தாழ்ந்த குரலில் நிறைவேற்றிய பூசையில் பாட்டு கட்டாயம் இல்லை. இன்றைய திருப்பலி நூலின் பொது விதிமுறைகளும், கிழமை நாள் திருப்பலிகளில் பாடுவதற்கென அமைந்த பகுதிகள் எல்லாவற்றையும் பாட வேண்டியதில்லை என்றே சொல்கின்றன. வருகைப் பாடல் இல்லையென்றால் வருகைப் பல்லவியை வாசிக்கலாம். நற்செய்திக்கு முந்தைய அல்லேலூயாவைப் பாடாவிட்டால் விட்டுவிடவும் அனுமதி உண்டு.

நடைமுறையில் தமிழ்நாட்டுப் பங்குகளில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. செவ்வாய்க்கிழமை என்றால் புனித அந்தோணியார் நவநாள், பல ஆலயங்களில் புதன்கிழமை சகாய மாதா நவநாள், சனிக்கிழமை மாதா பக்தி. மூன்றிலும் பாட்டு நிறைய இருக்கும். மாதத்தின் முதல் வெள்ளியையும் தவிர்த்துவிடுங்கள். திங்களும் வியாழனும் அதிகாலைத் திருப்பலிக்குப் போனால், வயதானவர்கள் சிலரும் அருட்சகோதரிகளும் மட்டும் இருப்பார்கள். அப்போதும் சகோதரிகள் ஓரிரு அடிகள் பாடுவது உண்டு. ஆனால் இசைக்கருவி பெரும்பாலும் இருக்காது, பாட்டும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நற்கருணை ஆராதனைச் சிற்றாலயங்கள் சென்னையில் பல இடங்களில் பகல் முழுவதும் திறந்திருக்கின்றன. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் குழுவாக நடத்தப்படும் நற்கருணை ஆராதனைக்குப் போனால் தொடக்கம் முதல் ஆசீர் வரைக்கும் பாட்டு இருக்கும். அமைதியாகச் சந்திக்கும் நேரத்தைக் கேட்டுப் போங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள். குவேக்கர் கூடுகையில் அப்பமும் திராட்சரசமும் உண்டா? கத்தோலிக்கத் திருப்பலிக்கு நான் போனால் நற்கருணை வாங்கலாமா?

எங்கள் ஊரில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையாரின் பெயரில் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அங்கு பிள்ளைகள் கைகளால் ஜெபிப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எனக்குச் சைகை மொழி தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ள முயலலாமா என்றும் எண்ணுகிறேன்.

வடஇங்கிலாந்துத் தமிழன்

இல்லை ஐயா. நண்பர்கள் சபையார் தண்ணீர் ஞானஸ்நானமும் கொடுப்பதில்லை, அப்பமும் பிட்பதில்லை. வாழ்க்கை முழுவதுமே திருவருட்சாதனமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. திருவிருந்து உங்களுக்கு இன்றியமையாதது என்பதை உங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அமைதிக் கூடுகையை உங்கள் சபைக்கு மாற்றாகக் கொள்ளாமல், வாரத்தில் ஒருமுறை கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும் ஜெப வேளையாகக் கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன். வேறு சபையின் உறுப்பினர் வந்து அமர்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

வேதமாணவனுக்கும் ஒரு சொல். குவேக்கர்களின் நம்பிக்கையை 1676-இல் முறைப்படுத்தி எழுதிய ராபர்ட் பார்க்லே பாட்டைப் பாவம் என்று சொல்லவில்லை. ஆவியானவரின் ஏவுதலால் எழும் பாட்டை அவர் ஆராதனையாக ஏற்றார். வரிசைப்படி குறித்து வைத்து, உள்ளத்தில் இல்லாததை வாயால் பாடுவதையே மறுத்தார். அமைதியாக அமர்ந்திருந்த கூட்டங்களில் தம்முள் தீமை தளர்ந்து நன்மை எழும்பியதை உணர்ந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டங்களில் நானும் அமர்கிறேன் என்பதால், அவர் எழுதியது எனக்கு வெறும் கொள்கையாகத் தோன்றவில்லை.

பரங்கிமலைப் பங்குக்காரர்

திருப்பலியில் நீங்கள் அமர்ந்து ஜெபிக்கலாம், வாசகங்களையும் மறையுரையையும் கேட்கலாம். நற்கருணை வாங்குவது எங்கள் திருச்சபை ஒழுங்கின்படி கத்தோலிக்கருக்கு உரியது. மிகச் சில நெருக்கடியான நிலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வரிசையில் நின்ற பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

செவித்திறன் பயிற்சியாளர்

நான் ஆடியாலஜி துறையில் பணிபுரிகிறேன். ஐயா சொன்ன அனுபவம் இம்ப்ளாண்ட் வைத்திருக்கும் பெரியவர்கள் பலரிடம் நாங்கள் கேட்பதுதான். இயற்கையான உட்செவியில் ஆயிரக்கணக்கான மயிரணுக்கள் ஒலியைப் பிரித்து அனுப்புகின்றன. இம்ப்ளாண்டிலோ 22 மின்முனைகள் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கின்றன. பேச்சைப் புரிந்துகொள்ள அது போதுமானதாக இருக்கலாம். சுருதியின் ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகப் பிரிக்க அது போதாது. பல குரல்களும் கருவிகளும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் கடினம். ஆகையால் பாட்டு நேரத்தில் கருவியின் ஒலியளவைக் குறைத்துக்கொள்வதில் குற்ற உணர்வே வேண்டாம்.

பிரசங்கத்திற்கும் ஜெபத்திற்கும் நல்ல வழி ஒன்று உண்டு. கழுத்துப்பட்டையிலோ சட்டையிலோ மாட்டக்கூடிய சிறிய கம்பியில்லா மைக்கைக் குருவானவர் அணிந்துகொண்டால், அவருடைய குரல் நேராக உங்கள் செவிக்கருவிக்கு வரும். ஆலயத்தின் எதிரொலி இடையில் புகாது. உங்கள் கருவிக்கு எந்த மைக் பொருந்தும் என்பதை உங்களுக்கு மேப்பிங் செய்பவரிடம், அதாவது கருவியின் அளவுகளை உங்கள் செவிக்கேற்பச் சரிசெய்பவரிடம், கேளுங்கள். சைகை மொழியைப் பொறுத்தவரையில், கற்றுக்கொள்ள வயது தடையில்லை. ஆனால் சைகை மொழி ஆராதனைகளிலும் பாடல்கள் கைகளால் பாடப்படுகின்றன. அங்கே அது இரைச்சலாக இருக்காது என்பதால், உங்களைப் போன்ற பாடகருக்கு அது ஒருவேளை பெரிய ஆறுதலாகவும் இருக்கலாம்.

கரூர் வாசகி

எனக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் பாட்டு இல்லாத ஜெபத்தையே நாடுகிறேன். மேடையில் குரல் உயரும்போது என் மனம் பாட்டோடு போகிறது. தேவ சமுகத்தில் நிற்கிற உணர்வு எனக்கு அமைதியில்தான் வருகிறது. மருத்துவச் சான்று இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கும் இந்த இழையில் இடம் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த ஜூல் மொன்ஷானினும் ஹென்றி ல சோவும் 1950-இல் தொடங்கியது. பின்னர் 1968-இலிருந்து பீட் கிரிபித்ஸ் அதை நடத்தினார். அங்கே மூன்று வேளை ஜெபத்திலும் பஜனை உண்டு. ஆனால் விடியற்காலையிலும் மாலையிலும் தியானத்திற்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரையிலோ அறையிலோ அமர்ந்துகொள்ளலாம். ஜான் மெயின் என்ற பெனடிக்ட் சபைத் துறவி தொடங்கிய கிறிஸ்தவ தியான முறையைப் பின்பற்றும் சிறு குழுக்களும் பல ஊர்களில் உண்டு: ஒரு ஜெபச்சொல்லை மனத்துக்குள் சொல்லியபடி அரை மணி நேரம் வரை கூடி அமர்வார்கள். இயேசு சபையாரின் தியான இல்லங்களில் மௌனத் தியானங்கள் நடக்கின்றன. பிற சபையாரையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வேதமாணவன்

குருவானவர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். சகோதரியின் விருப்பத்தைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. எனக்கு எது அமைதி தருகிறது என்பதை அளவுகோலாக வைத்தால், சபை என்ற கூட்டு வாழ்வு தளர்ந்துவிடாதா? பாடத் தெரியாத மூதாட்டியும் பக்கத்தில் நிற்பவரின் குரலோடு சேர்ந்து தன் விசுவாசத்தை அறிக்கையிடுகிறாள். அதை நான் எளிதாகக் கைவிட மாட்டேன்.

கரூர் வாசகி

நானும் கைவிடச் சொல்லவில்லை, தம்பி. நீங்கள் பாடுங்கள்; உங்கள் பாட்டு உங்களைத் தாங்கட்டும். ஆதித் திருச்சபைத் தந்தையான அகஸ்தீனாரே ஆலயப் பாட்டின் இனிமை தம்மை ஆட்கொள்வதைக் குறித்துக் கலங்கி எழுதியிருக்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் வேதத்தின் சங்கீதத்தைப் பாடுவதைவிடப் பேசுவதற்கு நெருக்கமாக வாசிக்கச் செய்ததையும் அகஸ்தீனார் நினைவுகூர்கிறார். இருந்தும், பாட்டைக் கேட்டுத் தாம் கண்ணீர் விட்டதை எண்ணி, அதைச் சபையில் வைத்துக்கொள்வதே நல்லது என்ற பக்கம் சாய்ந்தார். இரண்டு பக்கத்தையும் அறிந்த அவரே தயங்கினார் என்றால், எங்களை அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டைக்காரன்

நான் செய்யப்போவதை எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை அருகில் உள்ள கத்தோலிக்க ஆலயத்தில் போய் அமர்வேன். இணையவழி அமைதிக் கூடுகையில் ஒன்றைத் தேர்ந்துகொள்வேன். எங்கள் சபைக் குருவானவரைச் சந்தித்து, அதிகாலைத் திருவிருந்தைப் பாட்டில்லாமல் மாதம் ஒருமுறையாவது நடத்த முடியுமா என்று கேட்பேன். அவர் இயலாது என்றால் என்ன செய்வது? வரப்போகும் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையை எண்ணினாலும் எனக்கு அச்சமாக இருக்கிறது. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் அந்த ஆராதனையில், ஒவ்வொரு வார்த்தைக்கு இடையிலும் பாட்டுதான்.

ஓய்வுபெற்ற குருவானவர்

இயலாது என்று அவர் சொன்னாலும், நோயுற்றோருக்கும் ஆலயம் வர முடியாதோருக்கும் வீட்டில் திருவிருந்து கொடுப்பது எங்கள் ஊழியத்தின் பகுதி; அதில் பாட்டு வேண்டியதில்லை. உங்கள் மகள் குடும்பமும், அதே நிலையில் உள்ள இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்துகொண்டால், நீங்கள் தேடுகிற கூடுகை அங்கேயே அமைந்துவிடும். குருவானவரிடம் போகும்போது பாட்டைக் குறைக்க வேண்டும் என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். செவித்திறன் பயிற்சியாளர் குறிப்பிட்ட மைக்கைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள்.

பெரிய வெள்ளிக்கு, ஏழு வார்த்தைகளில் ஒன்றுக்குரிய வேதபாடத்தை வாசிக்கும் பொறுப்பை உங்களுக்குத் தரும்படி கேளுங்கள். பாட்டு தொடங்கும்போது கருவியைக் கழற்றிவிட்டு, உங்களுக்குரிய வசனங்களை மனத்துக்குள் வாசித்துக்கொண்டிருங்கள். பாட்டு முடிந்ததும் தோளைத் தொட்டுச் சொல்ல மகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். பேஸ் குரலில் பல ஆண்டுகள் பாடியவர் வேதம் வாசித்தால் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்.